குழுயின் அம்மா

குழுயம் இரண்டு மணிக்கு என்று இருந்தது. திரையில் வாசித்துக்கொண்டே மதி அதைத் தாண்டிப் போய்விட்டு, காலில் எதுவோ இடறினதுபோலத் திரும்பி வந்தாள். குழுயம். மணி ரெண்டு பத்து. கழுவின கையில் இன்னும் புளிக்குழம்பு வாசம் இருந்தது, தலைக்கு மேல் ஏசி பச்சை வாளிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது, கீழே ரோட்டில் பீளமேட்டு பஸ் ஒன்று வழக்கம்போல நிற்காமல் ஹார்ன் அடித்துப் போயிற்று, எல்லாம் நேற்றைப்போலத்தான் இருந்தது. "எழுத்துரு என்னமோ ஒடஞ்சுபோச்சு புள்ள, அங்கங்க கன்னாபின்னான்னு வருது, நீ ஒரு பார்வை பார்த்து நாலு மணிக்குள்ள புக்க அச்சகத்துக்கு அனுப்பிரு" என்று காலையில் கோதை சொல்லிவிட்டு சார் அறைக்குள் போனவள் இன்னும் வெளியே வரவில்லை. சரி, எழுத்துருவாகத்தான் இருக்கும். பழைய கம்ப்யூட்டரிலிருந்து புதியதற்கு மாற்றும்போது இப்படி ஆவதுண்டு, கொம்பு ஒரு பக்கம் போகும், கால் ஒரு பக்கம் போகும். ஆனால் அப்படி உடைந்தால் எழுத்துதான் உடையும். இங்கே எழுத்தெல்லாம் முழுசாக, வழவழவென்று, பல் வரிசைபோல இருந்தது. சொல்தான் இல்லை. நோயாளியின் அனுகுழுயுடன் பதிவு செய்யப்பட்டது. திருகுழு ராஜாமணி, வயது ஐம்பத்தேழு. சோமனூர் தறிக்காரர் சொன்னது, அவருடைய குரல் இப்போதும் காதில் கேட்கிறது, தலைக்குள்ள தறி ஓடறாப்பல இருக்குதுங், நிறுத்தவே மாட்டேங்குதுங், நான் நிம்குழுயாத் தூங்கி ஆறு மாசமாச்சுங். நிம்குழுயா. மதிக்குச் சிரிப்பு வந்தது. உண்மையில் வாய்விட்டே சிரித்துவிட்டாள், அறையில் யாருமில்லாததால் அது சுவரில் பட்டு அவளிடமே திரும்பி வந்தது. அடுத்த நொடியே கை தன் பழக்கத்தில் வேலையைத் தொடங்கிவிட்டது, அனுகுழு, திருகுழு, நிம்குழு, குழுயம், எல்லாவற்றிலும் உள்ள குழுவை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன வைத்தால் சொல் நிற்கும், அனு என்ன, திரு என்ன, நிம் என்ன. விடை உதட்டுக்கு வந்துவிட்டது. வாளியில் ஒரு சொட்டு விழுந்தது, இன்னொன்று விழுந்தது. பிறகு தேடும் கட்டத்தில் மதி என்று தட்டினாள். ஒன்றுமில்லை என்று வந்தது. நானூறு பக்கத்தில் ஒரு மதியம்கூட இல்லை.

அப்பா பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ரெண்டே எழுத்தில் வைத்த பெயர், அழகி, வதனி என்று வால் எதுவும் இல்லை, கோபிச்செட்டிபாளையத்து வாத்தியார் "அவ்வளவுதானுங்களா?" என்று கேட்டாராம். அவ்வளவுதான். அவ்வளவு சின்னப் பெயர் தமிழில் எத்தனை சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று அவளுக்கே இப்போதுதான் தெரிகிறது, மதிப்பு, மதிப்பீடு, வெகுமதி, இறக்குமதி, சம்மதித்தார். எல்லாவற்றிலும் புகுந்து எடுத்திருக்கிறார்கள். ஒரு ஆளைத் தேடி வந்தவர்கள் ஊரில் வீடு வீடாக ஏறி இறங்கினதுபோல. இல்லை, அப்படி நினைக்க வேண்டாம், தவறுதலாக இருக்கும், யாரோ ஏதோ ஒரு காரணத்துக்காக ஒரு சொல்லை மாற்றப்போய் இது இழுபட்டுக்கொண்டு வந்திருக்கும். ஆனால் எந்தச் சொல்லை? மதியை மாற்றித்தானே மதியம் கெடும். மதியத்தை மாற்றி மதி எப்படிப் போகும்? முதல் பக்கத்துக்குப் போனாள். வலிச் சொற்கள், கொங்கு வட்டார நோயாளிகளின் பேச்சிலிருந்து. தொகுப்பாசிரியர்கள்: டாக்டர் சேனாபதி, ச. பூங்கோதை. சாரும் கோதையும் மட்டும். போன வாரம் இந்தப் பக்கத்தில் மூன்று பெயர் இருந்தது. நன்றியுரையில் களப்பணிக் குழுவினருக்கு என்று ஒரு வரி. களப்பணிக் குழுவில் யார் இருந்தார்கள்? நான்கு வருஷம், செவ்வாயும் வெள்ளியும், பெரியாஸ்பத்திரி வெளிநோயாளிப் பிரிவில், தூணோரம், மடியில் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு, ஆயிரத்து நூறு பேர் தங்கள் வலியை டாக்டரிடம் என்ன சொல்லால் சொல்கிறார்கள் என்று கேட்டது குழுவா? கோதை ரெண்டே தடவை வந்தாள். ரெண்டாவது தடவை புண் கட்டும் அறை வாடையில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள், சோடா வாங்கிக் கொடுத்து ஆட்டோ ஏற்றிவிட்டது மதி. ஆனால் நியாயமாகச் சொன்னால் பதிவுகளில் பாதியைக் கேட்டு டைப் அடித்தது கோதைதான், அதை இல்லையென்று சொல்ல முடியாது, காதில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க அடிப்பாள், சில சமயம் அழுதுகொண்டே அடிப்பாள். பெயர் போடட்டும். அவள் பெயரும் இருக்கட்டுமென்று சாரிடம் சண்டை போட்டதே மதிதான், அது யாருக்கு ஞாபகம் இருக்கிறது.

சார் செய்திருப்பார். அப்படி நினைத்தபோது மூச்சு கொஞ்சம் இறங்கியது, சார் என்றால் தாங்கிக்கொள்ளலாம், சாரிடம் அவள் எதையும் கொடுத்து வைக்கவில்லை. ஆனால் சாருக்கு அட்டாச்மென்ட் திறக்கவே ஆள் வேண்டும். ரீஜெக்ஸ் என்று அவர் கூட்டங்களில் சொல்வார், பல்லில் ஏதோ மாட்டினதுபோலச் சொல்வார், அது கம்ப்யூட்டரில் சொல்லைத் தேடி மாற்றும் வித்தை என்று அவருக்குத் தெரியாது. இந்தக் கட்டடத்தில் அது தெரிந்தவர்கள் ரெண்டு பேர். நாலு மாசத்துக்கு முன் ஒரு மழை நாள், இதே மேஜை, கோதை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து, "எனக்கும் சொல்லிக் குடு புள்ள, எத்தன நாளைக்கு நான் டைப்பிஸ்டாவே இருக்கறது" என்றாள். மதி மனசு நிறைந்து சொல்லிக் கொடுத்தாள். ஒரு சொல்லை எழுதிக் கொடுத்தால் அது கிடக்கும் இடத்தையெல்லாம் கம்ப்யூட்டர் எடுத்துக் காட்டும், ஆனால் அதுக்குச் சொல் என்றால் என்னவென்று தெரியாது கோதை, எழுத்துதான் தெரியும். வலி என்று தேடினால் வலிக்குதுங் வரும், வலிமையும் வரும், வலிப்பும் வரும், அவர் வலியப் போய்ப் பேசினார் என்பதும் வரும். அதனால் சொல்லின் ரெண்டு பக்கமும் எல்லை போட வேண்டும். ஆங்கிலத்தில் அதற்கு ஒரு குறி இருக்கிறது, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று போட்டால் தனியாக நிற்கும் சொல்லை மட்டும் பிடிக்கும். தமிழுக்கு அந்தக் குறி ஆகாது. நம்ம கொம்பையும் காலையும் அது எழுத்தாகவே எண்ணாது, எல்லையைத் தப்பான இடத்தில் போட்டுவிடும். உதாரணத்துக்கு, என்று சொல்லிவிட்டு வேறு சொல் தோன்றாமல் தன் பெயரையே எழுதிக் காட்டினாள். பார், அந்தக் குறி போட்டுத் தேடினால் தனியாக நிற்கிற மதியை அதுக்குத் தெரியாது, மதிப்புக்குள்ள இருக்கிற மதியைத்தான் பிடிக்கும். ரெண்டு பேரும் சிரித்தார்கள். கோதை நோட்டில் எழுதிக்கொண்டாள், குறி போடக் கூடாது, அடியில் ரெண்டு கோடு. அதற்குப் பதிலாக முன்னும் பின்னும் தமிழ் எழுத்து எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது என்று நாமே எழுதிச் சொல்ல வேண்டும் என்பது பாடத்தின் மறுபாதி, அதை ஆரம்பிக்கும்போது கோதைக்கு போன் வந்தது. எழுந்து போனவள் வரவில்லை. மறுபாதி அப்படியே நின்றுவிட்டது. குறி போடக் கூடாது. போடவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறாள். வெறும் மதியை வெறும் குழுவாக்கு, அத்தனையும், ஒரே அழுத்தில். வேறு யாராக இருந்தாலும் முதலில் அந்தக் குறியைப் போட்டுப் பார்த்து, வேலை செய்யவில்லையே என்று விழித்திருப்பார்கள்.

அப்படியானால் எதற்காக என் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தாள்? அங்கேதான் மதியின் புத்தி சிக்கிக்கொண்டு நகர மறுத்தது. கெட்டுப்போனதைச் சரிசெய்ய வேறு ஆள் இல்லை, அது ஒன்று. எழுத்துருதான் உடைந்தது என்று அவள் நிஜமாகவே நம்பியிருக்கலாம், அது இன்னொன்று, அவளுக்கு ஏன் கெட்டது என்றே தெரிந்திருக்காது, அழுத்தினாள், முடிந்தது என்று வந்தது, மூடிவிட்டாள். இல்லையென்றால் நான் பார்க்க வேண்டுமென்றே கொடுத்திருக்கலாம். வாயால் சொல்ல முடியாததை இப்படிச் சொல்லியிருக்கலாம். இதை நினைத்தபோது கோதைமேல் ஒரு இரக்கம் வந்தது, வந்த வேகத்திலேயே அவமானமாக இருந்தது, கழுத்தை அறுத்தவளுக்குக் கை வலித்திருக்குமே என்று நினைக்கிற புத்தி என்ன புத்தி. அல்லது மூன்றாவது ஒன்று, மதி எதைக் கண்டாலும் சண்டை போடமாட்டாள், சரிசெய்து அனுப்பிவிடுவாள் என்ற நிச்சயம். அதுதான் உண்மை என்று தோன்றியது. தோன்றியவுடன் இடது தோள்பட்டைக்குக் கீழே என்னவோ செய்தது. என்ன செய்கிறது? குத்துதா? இல்லை. கடுக்குதா, இழுக்குதா, சுருக்குன்னு இருக்குதா? ஆயிரத்து நூறு பேரிடம் டாக்டர்கள் கேட்டதைத் தன்னிடம் கேட்டுப் பார்த்தாள். எங்கே என்று காட்டச் சொன்னால் காட்ட இடமில்லை. மரத்துப்போன காலில் ரத்தம் திரும்பும்போது வருமே, அது போல, ஆனால் திரும்பாமல். பயம் அதற்கு அப்பால் நின்றது. ஜூன் மாசத்தோடு ஒப்பந்தம் முடிகிறது, இந்தப் புத்தகத்தில் பெயர் இல்லையென்றால் இந்த நான்கு வருஷம் எங்கே இருந்தாய் என்று கேட்பவர்களிடம் எதைக் காட்டுவது, தூணைக் காட்டுவதா?

மணி ரெண்டே முக்கால். வேலையைப் பார்ப்போம். நோயாளிகள் என்ன பாவம் செய்தார்கள், அவர்கள் சொல்லை உடைத்தபடி விட முடியாது. முன்னால் எழுத்து ஒட்டியிருக்கும் குழுவை எல்லாம் பிடி என்று ஒரு பேட்டர்ன் எழுதினாள், அனுமதி, திருமதி, நிம்மதி எழுந்து உட்கார்ந்தன. பின்னால் யம், ப்பு, ப்பீடு ஒட்டியிருப்பதைப் பிடித்தாள், மதியம் வந்தது. இருநூற்று ஐம்பது சொல் பத்து நிமிஷத்தில் குணமாயிற்று. தறிக்காரர் நிம்மதியாத் தூங்கி ஆறு மாசமாயிற்று. இனி மிச்சம் இருப்பவை தனியாக நிற்கும் குழுக்கள். அவற்றில் எது பிறவியிலேயே குழு, எது நேற்றுவரை மதி? கம்ப்யூட்டர் சொல்லாது, அழித்த இடத்தில் அது அடையாளம் வைக்காது. ஆனால் தமிழ் வைத்திருந்தது. நிஜக் குழு வேற்றுமை ஏற்கும்போது குழுவின், குழுவுக்கு என்று வரும். மதியாக இருந்தது குழுயின், குழுக்கு என்று நொண்டிக்கொண்டு வந்தது. கோதையோ சாரோ ஒரு பக்கத்தையாவது வாசித்திருந்தால் கண்ணை உறுத்தியிருக்கும். அவள் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனாள், குழுயிடம் ஒரு பாட்டி சொன்னார், குழுக்குத் தெரிந்தவரை இச்சொல் அவிநாசிக்கு மேற்கே வழங்குவதில்லை. அது அப்படித்தான், அந்தப் பாட்டி கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள், பிடித்த இடத்தில் விபூதி ஒட்டியிருந்தது. பக்கம் இருநூற்று எட்டு. கரிக்குது என்ற சொல்லுக்கான கட்டுரை. வாளியில் சொட்டு விழுந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை.

குழுயின் அம்மா மூன்று நாட்களாக நெஞ்சு கரிக்குதென்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வரியை எழுத அவளுக்கு எட்டு மாசம் ஆகியிருந்தது. அம்மா அடுப்படியில் நின்றுகொண்டு, உளுந்து அரைத்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, என்னமோ நெஞ்சுக்குள்ள கரிச்சுக்கிட்டே இருக்குது கண்ணு, வேற ஒண்ணுமில்ல என்றாள். டாக்டரிடமும் அதையே சொன்னாள். எங்கள் பக்கம் எல்லா வேதனைக்கும் அதுதான் சொல், வெட்கப்படுகிறவர்களின் சொல், வலிக்குது என்று சொன்னால் பெரிதுபடுத்துவதாக ஆகிவிடும். சீட்டில் வாயுக்கோளாறு என்று எழுதி மாத்திரை கொடுத்தார்கள். மதி பக்கத்தில்தான் நின்றாள். இல்லைங்க டாக்டர், அம்மா கரிக்குதுன்னா அது வேற என்று சொல்ல அவள் வாய் திறக்கவில்லை, அவளுக்கே அப்போது தெரியாது. நாலாம் நாள் காலையில் அம்மா எழுந்திருக்கவில்லை. அந்தச் சொல் யாருக்கும் புரியாமல் போனதால்தான் இந்தப் புத்தகம். இதை அவள் ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தாள். பதினாறு நாளும் வந்து பாத்திரம் கழுவிக் கொடுத்தவள், மதிக்கு வாயில் சோறு இறங்காதபோது கஞ்சி வைத்து ஊட்டியவள், எழுது மதி, உங்கம்மாவ எழுது, உன்ர பேர் போட்டே எழுது என்றவள். இப்போது அம்மா குழுவின் அம்மாவாகிவிட்டாள். அதுகூட இல்லை, குழுயின். தமிழில் இல்லாத ஒரு வேற்றுமைக்குச் சொந்தமான அம்மா. மதி மாற்றி எழுதினாள், மதியின் அம்மா. பார்த்தாள். இப்போது சரியாக இருந்தது. சரியாக இருந்ததைப் பார்க்கப் பார்க்க, இந்தப் புத்தகத்துக்குள், அந்த அட்டைக்குக் கீழே, அம்மாவை விட்டுவிட்டுப் போக முடியாது என்று தோன்றியது. பத்தி முழுவதையும், பதினோரு வரியையும், வரி வரியாக எடுத்துவிட்டாள். கரிக்குது என்ற சொல்லுக்கு வேறு மூன்று நோயாளிகளின் பேச்சு இருந்தது, அது போதும். மற்ற அறுபத்தோரு இடத்திலும் தன் பெயரைத் திரும்ப வைத்தாள். முதல் பக்கத்தில் மூன்றாவது பெயரையும் வைத்தாள். கோதையின் பெயரைத் தொடவில்லை. அச்சகத்துக்கு அனுப்பியபோது மூன்று முப்பத்தைந்து, சாருக்கும் ஒரு நகல் போயிற்று. கிடைத்தது மேடம், பிளேட்டுக்குப் போகிறது, இனித் திருத்தம் முடியாது என்று பதில் வர ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

கோதை கதவை முதுகால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள், ரெண்டு கையிலும் பேப்பர் கப்பில் டீ. "ஆச்சா புள்ள? கண்ணெல்லாம் செவந்து கெடக்குது பாரு."

"ஆச்சு. எழுத்துரு ஒடையல கோதை."

"பின்ன?"

"மதியமெல்லாம் குழுயமாயிருந்துச்சு. நிம்மதி நிம்குழு ஆயிருந்துச்சு."

கோதை டீயை மேஜைமேல் வைத்தாள். ஒரு கப் சாய்ந்து கொஞ்சம் சிந்தியது, துப்பட்டா நுனியால் துடைக்கப் போய் நிறுத்தினாள். அவள் முகத்தில் ஒவ்வொரு சொல்லாக விளங்குவதை மதி பார்த்தாள். மெதுவாகத்தான் விளங்கியது.

"சார்தான் சொன்னாரு" என்றாள் கோதை. "ஒப்பந்த ஆளுக பேரு வந்தா நாளைக்கு உரிமை கேப்பாங்கன்னாரு. எனக்கு வேலைய நெரந்தரமாக்கறேன்னாரு. நான் உன்கிட்டச் சொல்லலாம்னுதான் இருந்தேன் மதி, சத்தியமா. புக்கு வரட்டும்னு..."

"வந்தப்புறம் சொல்லி என்ன பண்றது?"

"உனக்கென்ன, உங்கையில வேலை இருக்குது. நீ எங்க போனாலும் பொழச்சுக்குவ. எனக்கு என்ன தெரியும் சொல்லு? நீ சொல்லிக் குடுத்தது மட்டுந்தான் தெரியும்."

அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஒரே ஒரு பொய்யாவது சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு கத்தியிருக்கலாம்.

"எல்லாப் பேரையும் திருப்பிப் போட்டு அனுப்பிட்டேன்" என்றாள் மதி. "பிளேட்டுக்குப் போயிருச்சு. சாருக்கும் அனுப்பியிருக்கேன்."

"ஐயோ." கோதை நாற்காலியைத் தேடிக் கையால் தடவி உட்கார்ந்தாள். "ஐயோ மதி. அவரு என்னையக் கொன்னுருவாரு. நான் என்ன பண்ணுவேன்?"

"எங்கம்மாவ மட்டும் எடுத்துட்டேன்."

"எந்த அம்மா?"

மதி அவளையே பார்த்தாள். நடிப்பாக இருக்கும் என்று முதலில் பார்த்தாள், பிறகு நடிப்பாக இருக்காதா என்று பார்த்தாள். கோதையின் கண்ணில் சாரைப் பற்றிய பயம் இருந்தது, வேலையைப் பற்றிய பயம் இருந்தது, மதியிடம் மாட்டிக்கொண்ட கூச்சம்கூட இருந்தது, இந்தக் கேள்விக்கான விடை மட்டும் எங்கேயும் இல்லை. பதினாறு நாள் பாத்திரம் கழுவினவள். எழுதச் சொன்னவள். எழுதினதை அவள் படிக்கவில்லை. அழிக்கும்போதும் படிக்கவில்லை. எதை எடுக்கிறோம் என்று தெரிந்து, கை தயங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்திருப்பாள் என்று இந்த ஒன்றரை மணி நேரமும் மதி அவளுக்காக ஒரு வேதனையைக் கற்பித்து வைத்திருந்தாள், அப்படி ஒன்று நடக்கவே இல்லை. ஒரு சொல்லை எழுதி, இன்னொரு சொல்லை எழுதி, அழுத்தியிருக்கிறாள். அவ்வளவுதான். மேஜைமேல் இன்டர்காம் அடித்தது, சார் அறை எண். கோதை அதைப் பார்த்தாள், மதியைப் பார்த்தாள், எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மதி எழுந்தாள். இன்டர்காமை எடுக்காமல் சார் அறைக்கு நடந்தாள், போகிற வழியில் கோதை ஒதுங்கும்போது இடித்து நகர்ந்திருந்த, நிரம்பிக்கொண்டிருந்த பச்சை வாளியைக் காலால் தள்ளிச் சொட்டுக்கு நேராக வைத்துவிட்டுப் போனாள்.